கோமளாவின் வளைகாப்பு

பிப்ரவரி 2, திங்கள்

இன்றும் வாசலில் நிறுத்தப்பட்டேன். "டிக்கெட் எடுத்தாச்சுங்களா?" என்றார் காவலாளி. இயக்குநர் கையெழுத்திட்ட அனுமதி அட்டை என் கழுத்தில்தான் தொங்குகிறது. சென்ற வாரம் முழுவதும் இதையே கேட்டார். அட்டையைத் தூக்கிக் காட்டினால், முதன்முறை பார்ப்பதுபோல் வாசிக்கிறார். பேசாமல் டிக்கெட்டே எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். முதியோருக்குச் சலுகை உண்டு.

இந்த உயிரியல் பூங்காவில் வரிக்குதிரைகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பது என் வேலை. சம்பளம் இல்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கரும்பலகையில் வரிக்குதிரையை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். காதுகளை எப்போதும் சிறிதாகவே வரைந்து வந்திருக்கிறேன் என்பது இப்போது நேரில் பார்க்கும்போதுதான் தெரிகிறது. வேறு எவற்றையெல்லாம் தவறாகச் சொல்லிக் கொடுத்தேனோ.

பூங்காவின் கால்நடை மருத்துவர் பரஞ்சோதி செய்த ஏற்பாடு இது. என் மகள் வசுமதிக்குத் தெரிந்தவர். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இருப்பவை இரண்டு. பெண் பெயர் கோமளா. போன சித்திரையில் வேறொரு பூங்காவிலிருந்து வந்தது. ஆண், ஆவணியில் வந்தது. அதற்கு டைகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வரி இருந்தால் புலியா? கேட்டால் சிரிக்கிறார்கள்.

வேலி ஓரம் ஒருவர் தம் மனைவியிடம், "கழுதைக்குப் பெயின்ட் அடிச்சு உட்டிருக்கானுங்க, மழை வரட்டும், தெரியும்" என்றார். ரோமத்தை மழித்தால் அடியில் தோல் முழுக்கக் கறுப்புதான் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் ஐஸ்கிரீம் வண்டியை நோக்கிப் போய்விட்டார்.

பிப்ரவரி 4, புதன்

கோமளாவின் இடது தோளில் ஒரு வரி கவட்டைபோல் பிரிகிறது. டைகரின் வரிகள் அதே இடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. எந்த இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. குட்டி தாயை அடையாளம் காண்பது இதைக்கொண்டும், வாசனையைக்கொண்டும், குரலைக்கொண்டும்தான். இதை எழுதும்போது மனதுக்கு அமைதியாக இருந்தது.

அந்த அமைதியை மாராத்தாள் கெடுத்தாள். இவற்றுக்குத் தீவனம் போட்டுக் கொட்டிலைக் கழுவுபவள்.

"சார், சேதி தெரியுங்களா? நம்ம கோமளாவுக்கு மாசி பொறந்ததும் வளைகாப்புங்க. அம்மாகிட்டச் சொல்லிட்டனுங்க. அவங்களும் செரின்னுட்டாங்க."

அம்மா என்பது இயக்குநர் ஹேமலதா.

"எதுக்கு மாராத்தா, மாசில?"

"ஏழாம் மாசமுங்களே! ஆவணில டைகர் வந்துச்சுங்களா, வந்த வாரமே சேந்துச்சு. நான் ரெண்டு கண்ணால பாத்தனுங்க." விரல் விட்டு எண்ணினாள். "ஆவணி, பொரட்டாசி, அய்ப்பசி, கார்த்தி, மார்கழி, தை, மாசி. ஏழு."

"வரிக்குதிரைக்குப் பன்னெண்டு மாசத்துக்கு மேல ஆகும் மாராத்தா."

"ஆகட்டுமுங்க. அதுக்காவ ஏழாம் மாசம் எட்டாம் மாசமாயிருமுங்களா?"



பிப்ரவரி 6, வெள்ளி

கோமளாவின் மடி பருத்திருக்கிறது. பருத்திருப்பதாகத் தோன்றுகிறது. ஆவணியில்தான் சினையானது என்றால் மடி இறங்க இன்னும் மாதக்கணக்கில் ஆக வேண்டும். கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு எனக்கு எல்லாமே சற்றுப் பெரிதாகத் தெரிவது உண்டு. நாளையும் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

பருத்துத்தான் இருக்கிறது. வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

டைகர் அவளுடைய சாணத்தை முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டி, வானத்தைப் பார்த்து நின்றான். மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பால் வாசனையைச் சோதிக்கும் முறை அது. பார்ப்பவர்கள், "ஐ, சிரிக்குது பாரு" என்று கைதட்டினார்கள். பிறகு அவள் அருகே போனான். வரிக்குதிரைகள் நட்பாக இருந்தால் ஒன்றின் முதுகில் மற்றது தலைவைத்து, பிடரியைப் பல்லால் கோதிவிடும். கோமளா காதுகளைப் பின்னால் மடக்கி, பின்னங்காலைத் தூக்கினாள். அவன் விலகிப் போனான்.

மதியம் டாக்டர் பரஞ்சோதியிடம் மடியைப் பற்றிச் சொன்னேன். அவர் வந்து வேலிக்கு வெளியே நின்று நெடுநேரம் பார்த்தார்.

"லேசா வீங்குன மாதிரி இருக்கு சார். ஆனா சும்மா நீர் கோத்திருக்கலாம்ல?"

"இருக்கலாம். அநேகமா இது சினை மடிதான்னு நினைக்கறேன். அப்படின்னா டைகர் வர்றதுக்கு முந்தியே..."

"பழைய பூங்காவுல அப்பவே கேட்டேன் சார். தனியாத்தான் வச்சிருந்தாங்களாம். கையை வச்சுப் பாக்கலாம்னா, இவ விடுவாளா? மயக்க ஊசி போடணும். சினையா இருந்தா அந்த ஊசியே ஆபத்து."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 11, புதன்

டாக்டர் இரவு உணவுக்கு வந்திருந்தார். வசுமதி அழைத்திருக்கிறாள். எனக்கு அவர்மேல் எந்த மனத்தாங்கலும் இல்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்கிறார். அது அவரவர் பழக்கம்.

பேத்தி நறுமுகைக்கு நான்கு வயது. அவளைப் பெற்றவன் வந்து பார்த்து மூன்று வருடமாகிறது. அவளை வழக்கமாக நான்தான் தூங்கவைப்பேன். இன்று டாக்டர் ஆப்பிரிக்க யானையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தோளில் தூங்கிவிட்டாள். அவர் சொன்ன தகவலில் ஒரு பிழை இருந்தது. திருத்தவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் வசுமதி கேட்டாள்: "அப்பா, டாக்டரைப் பத்தி என்ன நெனைக்கறீங்க?"

"நல்ல மருத்துவர்."

"அதில்லப்பா. நாங்க ரெண்டு பேரும் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"நல்லதும்மா" என்றேன். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். ஏற்கெனவே ஊற்றியிருந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

இயக்குநர் அறைக்கு வெளியே வெகுநேரம் நின்றுவிட்டு, இன்றுதான் உள்ளே போனேன். மேசைமேல் கறுப்பு வெள்ளை வரி போட்ட பனியன்கள் குவிந்திருந்தன.

"வாங்க புரொபசர் சார்! எப்படி இருக்கு? ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு ஸ்டாஃப் எல்லாருக்கும் இதான் யூனிஃபார்ம். உங்களுக்கு மீடியமா, லார்ஜா?"

இப்போதே பிரசவம் ஆகலாம் என்று என் சந்தேகத்தைச் சொன்னேன். குட்டி பிறந்தால் முதல் சில நாட்கள் தாய் தன் வரியைத் தவிர வேறு எந்த வரியும் அதன் கண்ணில் படாமல் விலக்கிவைக்கும். அந்த நேரத்தில் அருகில் அசைவதை எல்லாம் குட்டி தாய் என்று நினைத்துப் பின்தொடரும். ஆகவே இந்தப் பனியன்கள் வேண்டாம் என்றேன். டைகரைத் தனியே பிரித்துவைப்பதும் நல்லது என்றேன்.

"சார், பத்திரிகைக்காரங்களுக்கு ஜோடியா ஒரு படம் வேணும். புருஷன் இல்லாம வளைகாப்புப் படமா? நல்லாவா இருக்கும்? ஞாயித்துக்கிழமை முடியட்டும், அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் செய்யலாம்."

லார்ஜ் பனியன் ஒன்றை மடித்து என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வரவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

டாக்டரை அவருடைய அறையிலேயே பிடித்தேன். இந்த முறை சுற்றி வளைக்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

"டாக்டர், டைகரைப் பிரிச்சே ஆகணும். அது அவன் குட்டி இல்ல. புதுசா வந்த ஆண் இன்னொருத்தனோட குட்டியை ஏத்துக்காது. கழுத்தைக் கடிச்சுத் தூக்கி எறியும். கால்ல போட்டு மிதிக்கும். அதுக்கு வேண்டியது தாய் மட்டுந்தான். குட்டி இடைஞ்சல்."

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுத் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"சார், ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"நாம வரிக்குதிரையைப் பத்தித்தான பேசிக்கிட்டு இருக்கோம்?"

"வேற எதைப் பத்தி?" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே இருந்த உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"சரி சார், விடுங்க. மார்கழில ஒருதடவை டைகரைக் கொட்டில்ல அடைச்சோம். கதவுல மோதி மோதி முகமெல்லாம் ரத்தம். இன்னொரு தடவை அப்படிப் பண்ணுனா காலை உடைச்சுக்குவான். கால் போன வரிக்குதிரைக்கு நான் என்ன செய்யணும்னு உங்களுக்கே தெரியும். உறுதின்னு சொல்லுங்க, இப்பவே அடைக்கிறேன். உறுதியா?"

"அநேகமா" என்றேன்.

"அநேகமாவை வச்சுக்கிட்டு என்னால முடியாது சார்."

பிப்ரவரி 18, புதன்

பூங்காவுக்குப் போகவில்லை. தலைவலி என்று வசுமதியிடம் சொன்னேன்.

அந்த மனிதர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நான் படித்ததைச் சொன்னேன். மாற்றானின் குட்டியை ஆண் வரிக்குதிரை கொன்ற நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அடைப்பில் வாழ்பவற்றில் அதிகம். கற்பனை செய்து சொல்லவில்லை.

ஆனால் மடியைப் பார்த்தேனா, அல்லது மடி அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேனா? நேற்றிலிருந்து இதையே கேட்டுக்கொள்கிறேன். ஒரு செய்தி உண்மையாக இருப்பது வேறு, அதை நான் ஓடி ஓடிச் சொல்வது வேறு.

இன்னொன்றும் உண்டு. காட்டில் ஒரு மந்தையின் ஆண் செத்து வேறொன்று தலைமை ஏற்கும்போது, குட்டிகள் பலவும் எந்தக் கேடும் இல்லாமல் வளர்கின்றன. வந்த ஆண் அவற்றுக்கும் சேர்த்தே கழுதைப்புலியை எதிர்த்து நிற்கிறது. அதுவும் நான் படித்த பாடம்தான். நேற்று அதைச் சொல்ல நேரமிருந்தது. சொல்லவில்லை.

நறுமுகை அந்த வரிப் பனியனை எடுத்து மாட்டிக்கொண்டு வீடு முழுக்கக் குதிக்கிறாள். அவளுக்குக் கணுக்கால்வரை வருகிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

காம்பு நுனிகளில் மெழுகுபோல் ஒட்டியிருக்கிறது, ஓரிரு நாளில் பிரசவம் என்பதற்கு அடையாளம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தொலைநோக்கியிலும் பார்த்தேன். மாராத்தாளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"புண்ணாக்குத் துணுக்குங்க. அதுமேலயே படுத்துக்கும் கழுதை."

டாக்டர் வேறு ஊருக்குப் போயிருக்கிறார், சிறுத்தை ஒன்று கிணற்றில் விழுந்துவிட்டதாம். போனில் சொல்லலாம் என்று எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. என்ன சொல்வது? மறுபடியும் 'அநேகமா'வா? துண்டித்துவிட்டேன். அவர் திரும்ப அழைத்தார். எடுக்கவில்லை.

பிப்ரவரி 21, சனி

வாழைமரம் கட்டுகிறார்கள். 'கோமளா - டைகர் தம்பதி' என்று பெரிய பதாகை. டைகரின் படத்துக்குப் பதிலாக யாரோ இணையத்திலிருந்து எடுத்த வேறு வரிக்குதிரையைப் போட்டிருக்கிறார்கள். வரியைப் பார்த்தாலே தெரிகிறது. யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 22, ஞாயிறு

வரிசையாக எழுத முயல்கிறேன்.

வசுமதியும் நறுமுகையும் என்னுடன் வந்தார்கள். வாசலில், "மூணு டிக்கெட்டுங்களா?" என்றார் காவலாளி. பதில் சொல்லாமல் நடந்தேன். அவரும் தடுக்கவில்லை. இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அடைப்பின் முன்னால் கல்யாண வீடு. நாகசுரம், தவில். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம். சீர்வரிசைத் தட்டுகளில் கேரட்டும் வாழைப்பழமும் வெல்லமும். கோமளாவுக்கு வளையல் போட முடியாது என்பதால் கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்து வேலியெங்கும் தொங்கவிட்டிருந்தார்கள். ஊழியர்கள் எல்லாரும் வரிப் பனியனில். டாக்டரும்கூட. அவருக்கு மீடியம், சற்று இறுக்கம்.

கோமளா எங்கே என்று தேடினேன். தூரத்து மூலையில், சுவரோரம் தனியாக நின்றிருந்தாள். வால் தூக்கியிருந்தது. படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள். பின்னங்கால்கள் நனைந்திருந்தன. தவில்காரர் ஓங்கி ஓர் அடி அடித்தார். டைகர் நாய்போல் குரைத்துக்கொண்டு அடைப்பைச் சுற்றி ஓடத் தொடங்கினான். ஒவ்வொரு சுற்றிலும் அவளை நெருங்கினான்.

"நிறுத்துங்க!"

அது என் குரல் என்பது தவில் நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்தபடி, "சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்றார்.

"அஞ்சு நிமிஷத்துல குட்டி வெளிய வந்துரும். வந்தா அவன் கொன்னுருவான். மொதல்ல அந்தப் பனியனைக் கழட்டுங்க, எல்லாரும்!"

டாக்டர் என்னிடம் வந்தார். "உறுதியா சார்?"

"உறுதி."

அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரிப் பனியனைக் கழற்றி எறிந்தார். சீர்வரிசைத் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினார். மாராத்தாள் இன்னொரு தட்டோடு பின்னால் ஓடினாள். "டேய் டைகரு, வாடா கண்ணு, வாடா, கேரட்டு பாரு, என்ற ராசா" என்று கூப்பிட்டாள். அவன் முகர்ந்தான். பாதி உடல் கொட்டிலுக்குள்ளே, பாதி வெளியே. அதே நேரம் மூலையில் குட்டியின் முன்னங்கால்கள் தெரிந்தன. அவனுக்கு வாசனை எட்டியிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தான்.

டாக்டர் கொட்டிலுக்குள் இறங்கிவிட்டார். வெல்லத்தைக் கையில் வைத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். வரிக்குதிரை கடித்தால் விடாது; குதிரையைப்போல் அல்ல, அதனால்தான் எவராலும் அதைப் பழக்க முடியவில்லை. இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இன்று பார்த்தேன். வெல்லத்தோடு சேர்த்து முழங்கைக்குக் கீழே கவ்விக்கொண்டான். டாக்டர் கையை இழுக்கவில்லை. கடித்த பிடியோடு பின்னால் நடந்தார். அவனும் அவரோடு கொட்டிலுக்குள் வந்தான்.

"கதவு! கதவை அடைங்க மாராத்தா!"

கதவு விழுந்த சத்தத்தில் அவன் பிடியை விட்டான். டாக்டர் பக்கத்துச் சிறு வாசல் வழியாக வெளியே வந்தபோது வரிப் பனியன்கள் எல்லாம் தரையில் கிடந்தன. ஊழியர்கள் உள்பனியனும் வெற்றுடம்புமாக நின்றிருந்தார்கள். வசுமதி தன் துப்பட்டாவால் அவர் கையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். டைகர் கதவை இரண்டு முறை உதைத்தான். பிறகு, என்ன நினைத்தானோ, சிந்திய கேரட்டைத் தின்னத் தொடங்கினான்.

குட்டி பெண். வரிகள் கறுப்பாக இல்லை, காப்பிப்பொடி நிறம். உடம்பு சிறிது, கால்கள் மட்டும் ஏறக்குறைய தாயின் கால் நீளம். விழுந்தது, எழுந்தது, விழுந்தது, நின்றுவிட்டது. கோமளா அதைச் சுற்றி நடந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் உடம்பு மட்டுமே தெரியும்படி மறைத்துக்கொண்டாள்.

இயக்குநர் கண்ணைத் துடைத்தபடி மைக்கில், "வளைகாப்பு அன்னைக்கே பிரசவம்! இது நம்ம பூங்காவோட சாதனை" என்றார்.

மாராத்தாள் என் பக்கத்தில் நின்று, "ஏழாம் மாசக் குட்டிங்க சார். கொறமாசத்துக்கு நல்லாத்தான் நிக்குது" என்றாள்.

தலையாட்டிவைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது.

பிப்ரவரி 23, திங்கள்

டாக்டர் பழைய பூங்காவுக்கு மறுபடி போன் செய்திருக்கிறார். "தனியாத்தான் சார் இருந்துச்சு. வேலி ரிப்பேர்னு ஒரு வாரம் மட்டும் ஆணோட ஒண்ணா விட்டிருந்தோம்" என்றார்களாம். ஒரு வாரம் மட்டும்!

மாலையில் அவரைப் பார்க்க அவருடைய வீட்டுக்குப் போனோம். கையில் தையல், பெரிய கட்டு. நறுமுகை பக்கத்தில் உட்கார்ந்து கட்டின்மேல் ஊதிக்கொண்டே இருந்தாள். வசுமதி தேநீர் போடப் போனதும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு உங்ககிட்டப் பாதிதான் சொன்னேன் டாக்டர். எல்லா ஆணும் அப்படி இல்ல. வேற குட்டியைக் காப்பாத்தி வளர்க்கறதும் உண்டு. நெறையவே உண்டு. எனக்குத் தெரியும். சொல்லல."

அவர் கட்டுப்போடாத கையால் நறுமுகையின் தலைமுடியை ஒதுக்கினார்.

"தெரியும் சார். நானும் அதே புத்தகந்தான படிச்சிருக்கேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நானே சொன்னா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தார்.

ஜூன் 10, புதன்

வாசலில் டிக்கெட் கேட்டார். காட்டினேன். வாசித்தார்.

மூன்று மாதமாகக் குட்டியும் டைகரும் கம்பி வேலிக்கு இருபுறமும் இருக்கிறார்கள். முதலில் காதை மடக்கிக்கொண்டு வந்தான். பிறகு சும்மா வந்தான். போன வாரம் வேலியோரம் ஒரே நேரத்தில் இருவரும் மண்ணில் புரண்டார்கள். நேற்று கம்பி வழியாகக் குட்டியின் பிடரியைப் பல்லால் கோதிவிட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கோமளா புல் மேய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். காதுகள் நிமிர்ந்தே இருந்தன.

குட்டி மட்டும் நுழைந்து தப்பிக்கக்கூடிய இடைவெளிகளை வேலியில் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறோம். என் யோசனைதான். இடைவெளியின் அளவை எத்தனை முறை சரிபார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் நடுக்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே தழும்பு அரைவட்டமாக இருக்கிறது.

"தெறக்கலாமா சார்?"

"தெறக்கலாம்."

"உறுதியா?"

"இல்ல" என்றேன். "தெறங்க."

நாளைக் காலை பதிவு அலுவலகம். சாட்சிக்கு ஆதார் நகல் எடுத்துவைத்துவிட்டேன். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும். நறுமுகை அந்த வரிப் பனியனில்தான் வருவேன் என்று அடம்பிடிக்கிறாள். கணுக்கால்வரை தொங்கும், பதிவாளர் என்ன நினைப்பார் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்கமாட்டேன் என்கிறாள்.

"டாக்டர் அப்பா போடலாம்னு சொல்லிட்டாங்க, அப்புச்சி."

சரி, போட்டுக்கொண்டு வரட்டும்.